ஓட்டுச் சில்லில் வணிகமும் அரசும்: இடைக்கால இஸ்லாமிய மட்பாண்டங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடைக்கால இஸ்லாமிய மட்பாண்டம் என்று எதைச் சொல்கிறோம்?

ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரை, ஸ்பெயினின் தென்கரை முதல் நடு ஆசியாவின் சமர்கந்து வரை, முஸ்லிம் அரசுகளின் கீழிருந்த ஊர்களில் மெருகு (கண்ணாடி போன்ற மேற்பூச்சு) பூசி வண்ணம் தீட்டிச் சுடப்பட்ட கிண்ணம், தட்டு, குடுவை, சுவர் ஓடு ஆகியவற்றை இப்பெயரால் குறிக்கிறோம். இங்கே 'இஸ்லாமிய' என்னும் அடைமொழி ஆட்சியையும் அதைச் சார்ந்த பண்பாட்டையும் சுட்டுகிறது. செய்தவரின் மதத்தையோ பாண்டத்தின் பயனையோ அன்று. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள ஃபாத்திமிய மரபினர் ஆண்ட காலத்து (969-1171) எகிப்தியக் கிண்ணம் ஒன்றில், தூபக்கலசம் ஏந்திய கிறித்தவப் பாதிரியார் ஒருவர் தீட்டப்பட்டிருக்கிறார். அதன் அடியில் சஅத் என்னும் குயவரின் கையொப்பம் இருக்கிறது.

பொன்னும் வெள்ளியும் இருக்க, அதிகாரத்தைப் பற்றி அறிய மண்ணை ஏன் தேட வேண்டும்?

பொன்னும் வெள்ளியும் நமக்கு எஞ்சவில்லை என்பதே முதற்காரணம். உலோகப் பாத்திரத்தை உருக்கிக் காசாக்கலாம். ஆதலால் கருவூலம் வறண்ட நாளில் அதுவே முதலில் போகும். கெய்ரோவில் ஃபாத்திமிய கலீபா அல் முஸ்தன்சிரின் அரண்மனைச் செல்வம், சம்பளம் கிடைக்காத படைவீரர்களால் 1067ஆம் ஆண்டை ஒட்டிச் சூறையாடப்பட்டதை வரலாற்று ஆசிரியர்கள் பொருள் பொருளாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியல் நம் கையில் இருக்கிறது, பொருள்களில் மிகப் பெரும்பாலானவை இல்லை. உடைந்த மண்கிண்ணத்தையோ யாரும் திருடுவதில்லை, உருக்குவதில்லை, வேறு ஊருக்கு எடுத்துச் செல்வதுமில்லை. வீட்டுப் பின்புறத்துக் குழியில் எறிந்தால் அங்கேயே ஆயிரம் ஆண்டு கிடக்கும்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. மெருகிட்ட சில்லு ஒன்றில் இரண்டு செய்திகள் தனித்தனியே இருக்கின்றன. உள்ளிருக்கும் மண் அது செய்யப்பட்ட ஊரைக் காட்டுகிறது. மேலிருக்கும் மெருகும் கோலமும் அது எதைப்போல இருக்க விரும்பியது என்பதைக் காட்டுகின்றன. இவ்விரண்டும் பொருந்தாத இடத்தில்தான், அதாவது ஈராக்கு மண் சீன உருவத்தை எடுக்கும்போதும், ஈரானியச் சுவர் ஓட்டில் சீன அரச நாகம் நெளியும்போதும், வணிகமும் அதிகாரமும் நம் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகின்றன.

சீனப் பீங்கான் இந்தக் கதைக்குள் எப்படி வந்தது?

11ஆம் நூற்றாண்டில் கஸ்னவி அரசவையில் எழுத்தராக இருந்த பைஹகீ ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். வடகிழக்கு ஈரான் பகுதியான குராசானின் ஆளுநர் அலீ இப்னு ஈசா, அப்பாசிய மரபின் கலீபா ஹாரூன் அல் ரஷீதுக்கு (ஆட்சி 786-809) அனுப்பிய காணிக்கையில், சீனப் பேரரசருக்குரிய தரத்தில் அமைந்த 20 பீங்கான் பாண்டங்களும், அவற்றுக்கு மேல் வேறு 2,000 பீங்கான்களும் இருந்தன. அத்தகையவற்றை எந்தக் கலீபாவின் அவையும் அதற்குமுன் கண்டதில்லை. இரண்டரை நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட எண்ணிக்கை என்பதால் அதை அப்படியே கணக்கில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பீங்கான் அரசருக்குக் காணிக்கையாகத் தகும் பொருளாக நினைவில் நின்றது என்பதற்கு இது நல்ல சான்று.

அந்த 20 பாண்டங்களையும் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் அவைக்கு வெளியிலும் இருந்தார்கள். அவர்களுக்காகவே ஈராக்கின் துறைமுக நகரான பாஸ்ராவின் குயவர்கள் வேலை செய்தார்கள். சீனத்தின் வெண்மை அங்குள்ள களிமண்ணின் இயல்பாலும் கடுஞ்சூட்டாலும் வருவது. பாஸ்ராவில் அந்த மண்ணும் இல்லை, அந்தச் சூட்டுக்கு ஏற்ற சூளையும் இல்லை. எனவே அவர்கள் மஞ்சள் கலந்த உள்ளூர் மண்ணிலேயே கிண்ணத்தை வனைந்து, அதன் நிறம் சற்றும் தெரியாதபடி வெள்ளீயம் கலந்த ஒளிபுகா மெருகால் மூடினார்கள்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கிண்ணத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். தாழ்ந்த அடி வளையம், மெல்ல விரிந்து வெளிப்புறம் மடியும் விளிம்பு என்று அதன் உருவம் முழுவதும் சீனத்தினுடையது. சீனக் குயவர் என்றால் உட்புறத்தை வெறுமையாக விட்டிருப்பார். பாஸ்ராக்காரரோ நடுவில் 'கிப்தா', அதாவது மகிழ்ச்சி, என்னும் அரபுச் சொல்லை கோபால்ட் நீலத்தில் இருமுறை எழுதியிருக்கிறார். சுடும்போது நீலம் வெள்ளை மெருகுக்குள் ஊறி, ஈரத்தாளில் மை பரவியதுபோல எழுத்தின் ஓரங்கள் மங்கியிருக்கின்றன. வெள்ளையின்மேல் நீலம் என்னும் அழகு, பிற்காலத்தில் சீனத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அது பரவலாகக் கையாளப்பட்ட முதல் இடங்களில் ஒன்று 9ஆம் நூற்றாண்டின் பாஸ்ரா.

இவை பாஸ்ராவில் செய்யப்பட்டவை என்பது எப்படித் தெரியும்?

நெடுங்காலம் அப்படி யாரும் சொல்லவில்லை. ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஹெர்ஸ்ஃபெல்டும் ஸார்ரேயும் 1911-13இல் அப்பாசியத் தலைநகர் சாமர்ராவை அகழ்ந்தபோது இவ்வகைச் சில்லுகள் பெருமளவில் கிடைத்ததால், சாமர்ராவே பிறந்த ஊர் என்று கொள்ளப்பட்டது. கிடைத்த ஊரும் செய்த ஊரும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிறகு, டொரண்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ராபர்ட் மேசனும் உடன்பணியாற்றியவர்களும், சில்லுகளை ஒரு மில்லிமீட்டரில் நூற்றுக்கு மூன்று பங்கு தடிமனுக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் மண்ணிலுள்ள தாதுத் துகள்களை ஒப்பிட்டார்கள். சாமர்ராவிலும் ஈரானிலும் கிடைத்த வெள்ளை மெருகுப் பாண்டங்களின் மண் பாஸ்ரா மண்ணோடு ஒத்துப்போயிற்று. ஒரே துறைமுக நகரம் பேரரசு முழுவதற்கும் ஆடம்பரப் பாண்டம் அனுப்பியிருக்கிறது என்பது இதனால் தெரியவந்தது. சீனச் சரக்கு முதலில் கரையேறும் இடத்திலேயே அதன் போலியும் பிறந்தது என்பதில் வியப்பில்லை.

சாமர்ராவைப் பற்றி இன்னும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. அது 836 முதல் 892 வரை தலைநகராக இருந்ததால், அங்கே கிடைத்த எல்லாமே அந்த 56 ஆண்டுகளுக்குள் அடங்கும் என்று பழைய நூல்கள் எழுதின. கலீபா போய்விட்டாலும் மக்கள் முழுவதும் போய்விடவில்லை. ஆகவே அந்தக் காலவரையறையை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

கடல்வழி வணிகத்துக்கு நேரடியான சான்று உண்டா?

உண்டு, ஒரு கப்பலே இருக்கிறது. இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே 1998இல் கண்டெடுக்கப்பட்ட அக்கலம், ஆணி அறையாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டப்பட்ட மேற்காசிய முறைக் கப்பல். அதில் ஏறத்தாழ 60,000 சீனப் பாண்டங்கள் இருந்தன. மிகப் பெரும்பாலானவை சாங்ஷா சூளைகளின் மலிவான கிண்ணங்கள். பெரிய சாடிகளுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கிண்ணங்களைச் சுருள் வடிவில் அடுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒரு கிண்ணத்தில் 826ஆம் ஆண்டுக்கு நிகரான சீனத் தேதி கீறப்பட்டிருப்பதால், கப்பலின் காலமும் கிடைத்துவிட்டது.

அத்தனை ஆயிரத்துக்கு நடுவே மூன்றே மூன்று நீலவெள்ளைத் தட்டுகள் இருந்தன. முழுமையாகக் கிடைத்துள்ள சீன நீலவெள்ளைப் பாண்டங்களில் இவையே மிகப் பழையவை. அவற்றின் கோலம், நடுவில் ஒரு சாய்சதுரமும் சுற்றிலும் இலைக்கொத்துகளும், பாஸ்ராக் கிண்ணங்களில் காணும் கோலத்தோடு உறவுடையது. பாஸ்ரா சீனத்தைப் பார்த்துச் செய்துகொண்டிருந்த அதே காலத்தில், சீனமும் பாஸ்ராவின் சுவையை அறிந்து செய்துபார்த்திருக்கிறது.

எதிர்த்திசையில் போனது ஆடம்பரம் அன்று. பாரசீக வளைகுடா நாடுகளின் நீலப்பச்சை மெருகிட்ட பெரும் சாடிகள், எதையோ அடைத்துச் செல்லும் கலன்களாகவே கிழக்கே போயின. ஆயினும் சீனத்தின் ஃபூஜோ நகரில், 930இல் இறந்த, 'மின்' என்னும் தென்சீன அரசின் அரசகுலப் பெண் லியூ ஹுவாவின் கல்லறையில், முக்கால் மீட்டர் உயரமுள்ள அத்தகைய சாடிகள் மூன்று வைக்கப்பட்டிருந்தன. பாஸ்ராவில் சரக்குக் கலனாக இருந்தது ஃபூஜோவில் அரசியின் கல்லறைப் பொருளாகிவிட்டது.

இந்தக் கடல்வழியில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடம் உண்டா?

இடையில் நின்ற கரைகள் என்ற முறையில் உண்டு. தேவாரம் பாடும் திருக்கேதீச்சரம் அமைந்த மாதோட்டத்தில், இன்றைய மன்னாரின் மாந்தையில், 1980களில் ஜான் கார்ஸ்வெல் நடத்திய அகழாய்வில் மேற்காசிய மெருகுப் பாண்டச் சில்லுகளும் சீனச் சில்லுகளும் கலந்தே கிடைத்தன. கொல்லத்தின் தரிசாப்பள்ளிச் செப்பேடு (849) வட்டெழுத்தில் எழுதப்பட்டது. அதன் சாட்சிக் கையொப்பங்கள் கூஃபி என்னும் கோணவடிவ அரபு, பஹ்லவி என்னும் பழைய பாரசீகம், எபிரேயம் ஆகிய எழுத்துகளில் உள்ளன. மாந்தைச் சில்லுகளை ஏற்றியிறக்கிய உலகத்தைச் சேர்ந்த வணிகர்களை அங்கே பெயரோடு சந்திக்கிறோம். நாம் அன்றாடம் சொல்லும் 'பீங்கான்' என்னும் சொல்லும் கிண்ணத்தைக் குறிக்கும் 'பிங்கான்' என்னும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்ததே. சரக்கு சீனத்தினுடையது, பெயர் பாரசீகத்தினுடையது என்பதிலிருந்தே அதை இங்கு கொண்டுவந்து விற்றவர் யார் என்று ஊகிக்கலாம்.

பொன்மினுக்குப் பாண்டங்களில் உண்மையாகவே பொன் இருக்கிறதா?

இல்லை. 'லஸ்டர்' எனப்படும் அந்தப் பொன்மினுக்கு, வெள்ளியும் செம்பும் கலந்த உப்புகளால் உண்டாவது. ஒருமுறை மெருகிட்டுச் சுட்ட பாண்டத்தின்மேல் இக்கலவையால் தீட்டி, மறுபடியும் குறைந்த சூட்டில், காற்றை அடைத்துப் புகை நிறைந்த சூளையில் வைப்பார்கள். புகை உப்பிலுள்ள உயிர்வளியை இழுத்துக்கொள்ள, உலோகம் மெல்லிய படலமாக மெருகோடு ஒட்டிக்கொள்ளும். வெளியே எடுக்கும்போது கரிபடிந்த அழுக்குத் தட்டாகவே தெரியும்; ஈரமண்ணால் தேய்த்த பிறகுதான் பொன்னிறம் எழும்.

எகிப்து, சிரியப் பகுதிக் கண்ணாடித் தொழிலாளர்கள் 8ஆம் நூற்றாண்டிலேயே கையாண்ட இந்த நுட்பத்தை 9ஆம் நூற்றாண்டு ஈராக்குக் குயவர்கள் மண்ணுக்கு மாற்றினார்கள். ஈரானின் காஷான் நகரத்துக் குயவர் குடும்பத்தில் பிறந்து, ஈரானை ஆண்ட மங்கோலிய இல்கான் மன்னர்களின் அவையில் பணிபுரிந்த அபுல் காசிம், 1301இல் எழுதிய தொழில்நூலில், இரண்டாம் சூளையில் 72 மணிநேரம் மென்புகை காட்ட வேண்டும் என்கிறார். பாண்ட மண்ணுக்கு அவர் தரும் அளவு, அரைத்த வெண்கல் பத்துப் பங்கு, கண்ணாடித்தூள் ஒரு பங்கு, வெண்களிமண் ஒரு பங்கு. சீனத்தைப்போலத் தோன்றுவதற்காக மண்ணை வெள்ளை மெருகால் மூடி மறைப்பதை விட்டு, உள்ளும் வெள்ளையாக ஒரு மண்ணையே செய்துகொண்டார்கள் என்பது இதன் பொருள்.

பொன், வெள்ளிப் பாத்திரங்களை மதம் விலக்கியதால்தான் இந்த மினுக்கு பிறந்தது என்று பலரும் எழுதுவதுண்டு. அத்தகைய நபிமொழிகள் இருப்பது உண்மை. ஆனால் அரண்மனைகள் பொற்பாத்திரங்களைத் தாராளமாகப் பயன்படுத்தியதும் உண்மை. விலை கொடுக்க இயலாதவருக்கும் பொன்னின் தோற்றம் வேண்டியிருந்தது என்னும் சந்தைக் காரணமே எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது.

ஆட்சியாளரின் கை நேரடியாகத் தெரியும் இடங்கள் எவை?

துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலில், தொழும் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபைச் சுற்றி 139 பொன்மினுக்கு ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. அப்பகுதியை ஆண்ட அக்லபித் மரபின் அமீர் அபூ இப்ராஹீம் அஹ்மத் (856-863) தம் கொலுமண்டபத்துக்காக ஈராக்கிலிருந்து வரவழைத்த ஓடுகள் பிறகு பள்ளிவாசலுக்குத் தரப்பட்டன என்றும், எஞ்சியவற்றைப் பாக்தாதுக்காரர் ஒருவர் அங்கேயே செய்தார் என்றும் பிற்கால வட ஆப்பிரிக்க நூல்கள் கூறுகின்றன. கலீபாவுக்குப் பெயரளவில் கட்டுப்பட்டு, நடைமுறையில் தனியாட்சி செய்த ஒருவர், கலீபாவின் தலைநகரத்து அழகைத் தம் ஊர்ச் சுவரில் பதித்திருக்கிறார். பணிவா போட்டியா என்று கேட்டால், இரண்டும்தான்.

கெய்ரோ இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்திலுள்ள உடைந்த பெருந்தட்டு ஒன்றில், கலீபா அல் ஹாகிமின் தளபதி கபனின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவர் அப்பதவியில் இருந்தது 1011ஐ ஒட்டிய இரண்டே ஆண்டுகள் என்பதால், ஃபாத்திமிய பொன்மினுக்கின் காலத்தைக் கணிக்க அத்தட்டு ஓர் அளவுகோலாக நிற்கிறது.

மங்கோலியர் கதை வேறு. இல்கான் அபாகா 1270களில் ஈரானின் தக்தே சுலைமானில் கட்டிய கோடை அரண்மனையின் சுவர் ஓடுகளில், சீன அரசச் சின்னங்களான நாகமும் ஃபீனிக்ஸ் பறவையும் வந்தன. அருகிலேயே, பழைய ஈரான் மன்னர்களைப் பாடும் காப்பியமான ஷாநாமாவின் பாரசீக வரிகளும் வந்தன. சீனத்தை ஆண்ட பேரரசக் குடும்பத்தின் கிளை என்பதையும், பழைய ஈரான் மன்னர்களின் வழிவந்த ஆட்சி என்பதையும் ஒரே சுவரில் அறிவித்துவிட்டார்கள்.

அடிமைப் படைவீரர்களாக வந்தவர்கள் ஆண்ட மம்லூக் எகிப்தில் (1250-1517) அதிகாரம் சமையற்கட்டு வரை இறங்கியது. அங்கே அமீர்கள் என்னும் படைத்தலைவர்கள் தாங்கள் வகித்த அரண்மனைப் பணியின் சின்னத்தை அணிந்தார்கள்: பானம் பரிமாறியவருக்குக் கோப்பை, ஆயுதம் தாங்கியவருக்கு வாள், எழுத்துப் பேழை காத்தவருக்கு எழுதுகோற்பெட்டி. இச்சின்னங்கள் விலையுயர்ந்த பித்தளைக் கலங்களில் மட்டுமன்றி, சிவந்த மண்ணில் கீறி ஈய மெருகிட்ட தடித்த கிண்ணங்களிலும், அமீரின் நீண்ட பட்டங்களோடு இருக்கின்றன. பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தின் குப்பைமேடுகளில் அவற்றின் சில்லுகள் ஏராளம். அமீர் தாமே அந்த மண்கிண்ணத்தில் உண்டார் என்று கொள்ள வேண்டியதில்லை. அவருடைய வீரர்களும் பணியாளர்களும் உண்டிருப்பார்கள். யாருடைய சோற்றை உண்கிறோம் என்பது கவளம் குறையக் குறையக் கிண்ணத்தின் அடியில் தெரிந்துகொண்டே வரும்.

பெயர் இல்லாத எழுத்துகளால் என்ன பயன்?

பெயர் இல்லை என்பதே ஒரு செய்தி. 'இதன் உரிமையாளருக்கு நற்பேறு உண்டாகட்டும்' என்று பொதுவாக எழுதிய பாண்டம் யாரோ ஒருவரின் ஆணைக்காகச் செய்யப்பட்டதன்று. யார் வாங்கினாலும் பொருந்தும்படி கடைக்காகச் செய்யப்பட்டது. நடு ஆசியாவையும் கிழக்கு ஈரானையும் ஆண்ட சாமானித் அரசின் (819-999) கீழ், ஈரானின் நிஷாபூரிலும் சமர்கந்திலும் செய்த வெண்தட்டுகளில் இதனினும் நுட்பமான வகை உண்டு. தட்டின் பெரும்பகுதி வெறும் வெள்ளை. விளிம்பை ஒட்டிக் கறுப்புக் கூஃபி எழுத்தில் ஒரு பழமொழி. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத் தட்டு ஒன்று, கல்வி தொடக்கத்தில் கசக்கும், முடிவில் தேனினும் இனிக்கும் என்கிறது. பாரசீகம் பேசிய ஊரில் அரபுப் பழமொழியைப் படிக்கத் தெரிந்தவர், அல்லது படிக்கத் தெரிந்தவராகத் தோன்ற விரும்பியவர், அதை வாங்கினார். அவைப் பொருள் என்பதைவிட, படித்த நகரத்தாரின் சாப்பாட்டுத் தட்டு என்றே இதை நான் கருதுவேன்.

ஓர் அரசு வீழ்ந்தால் சூளையும் அணைந்துவிடுமா?

உடனே அணைவதில்லை. ஸஞ்ச் எனப்பட்ட, தென் ஈராக்கின் அடிமைக் கிளர்ச்சியாளர்கள் 871இல் பாஸ்ராவைச் சூறையாடிய பிறகும் அங்கே பாண்டத் தொழில் தொடர்ந்தது. ஃபாத்திமியர் 969இல் எகிப்தைக் கைப்பற்றிப் புதுத் தலைநகர் எழுப்பியபின், பொன்மினுக்குத் தொழிலின் மையம் அங்கே நகர்ந்தது. அவர்களின் ஆட்சி 1171இல் முடிந்தபோது அந்த நுட்பம் சிரியாவிலும் காஷானிலும் தழைத்தது. பிற்பாடு ஸ்பெயினின் மாலகாவிலும் வேர்கொண்டது. 1350ஐ ஒட்டி மாலகா சென்ற மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, அங்கு செய்யும் பொன்னிறப் பாண்டம் தொலைநாடுகளுக்கு ஏற்றுமதியாவதைக் குறித்திருக்கிறார். புகைச்சூட்டின் பக்குவம் ஏட்டைப் படித்து வருவதன்று. ஆகவே நகர்ந்தது கோலம் மட்டுமன்று, கைவினைஞர்களும்தான்.

கிறித்தவ நாடுகளுக்கு இவை போனது வணிகத்தாலா, கொள்ளையாலா?

இத்தாலியின் பைசா நகரத் தேவாலயங்களின் வெளிச்சுவர்களில், 11ஆம் நூற்றாண்டு முதலாகவே, முஸ்லிம் நாட்டுக் கிண்ணங்கள் அலங்காரமாகப் பதிக்கப்பட்டன. சிலவற்றில் பாய்மரக் கப்பலே தீட்டப்பட்டிருக்கிறது. பைசாவும் ஜெனோவாவும் 1087இல் துனீசியாவின் மஹ்தியாவைத் தாக்கியதை நினைத்து, இவை வெற்றிச் சின்னங்கள் என்று முன்பு சொன்னார்கள். ஆனால் தாக்குதலுக்கு முன்னும் பின்னும், பல தலைமுறைகளாக, பல ஊர்ப் பாண்டங்கள் தொடர்ந்து பதிக்கப்பட்டிருக்கின்றன. கொள்ளை அத்தனை ஒழுங்காக நடக்காது. கட்டடம் எழுந்த ஆண்டு தெரிந்தால் கிண்ணம் அதற்குப் பிந்தியதாக இருக்க முடியாது என்பதால், காலக்கணிப்புக்கும் இச்சுவர்கள் பெரிதும் உதவுகின்றன.

சீன நீலவெள்ளைப் பீங்கானில் ஈரானின் பங்கு என்ன?

நீலம் ஈரானுடையது. காஷானுக்கு அருகிலுள்ள கம்சர் சிற்றூரின் கோபால்ட் கல்லை அபுல் காசிமே குறிப்பிடுகிறார். மங்கோலியப் பேரரசு இரு நாடுகளையும் ஒரே குடும்பத்தின் கீழ் கொண்டுவந்த பிறகு, 14ஆம் நூற்றாண்டில் சீனத்தின் ஜிங்டெஜென் சூளைகள் மேற்காசியக் கோபால்ட்டைக் கொண்டு நீலவெள்ளையைப் பெருவாரியாகச் செய்தன. பிற்காலச் சீன நூல்கள் அதை முஸ்லிம் நீலம் என்றே அழைத்தன. 40 சென்டிமீட்டருக்கும் மேல் அகலமான தட்டுகள், பலர் ஒன்றாக அமர்ந்து ஒரே தட்டில் உண்ணும் மேற்காசியப் பந்திக்காகச் செய்தவை.

அருங்காட்சியகத்தில் முழுதாக நிற்கும் கிண்ணத்தை எவ்வளவு நம்பலாம்?

ஓரளவுக்குத்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈரானியப் பாண்டங்களுக்கு விலை ஏறியபோது, வெவ்வேறு கிண்ணங்களின் துண்டுகளை ஒட்டி, இடைவெளியைச் சுண்ணச் சாந்தால் நிரப்பி, முகங்களைப் புதிதாகத் தீட்டி விற்றார்கள். பல வண்ணங்களில் உருவங்கள் தீட்டிய மினாயி வகையில் இது மிகுதி. 'ரய்', 'குர்கான்' என்று வணிகர் எழுதிய ஊர்ப்பெயர்களும் பலமுறை விலைக்காகச் சொல்லப்பட்டவையே. அவற்றில் பல இன்று காஷானுக்கு மாற்றப்பட்டுவிட்டன. இதற்கு மாறாக, மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தினர் 1935 முதல் நிஷாபூரில் அகழ்ந்தெடுத்தவை பெரும்பாலும் ஓட்டையும் விரிசலுமாகத்தான் இருக்கின்றன. ஆனால் தெப்பே மதரஸாவா, சப்ஸ் புஷானா, எந்த மேட்டில் கிடைத்தது என்பது அவற்றோடு குறித்து வைக்கப்பட்டிருக்கிறது.